உன் அப்பா நின்று நின்று ஏறிய படிகள்

பாலு,

வேப்பூரில் உன் மாமனார் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பாய். ரேவதி முறுக்கையும் பருப்புப் பொடியையும் கவர் கவராகக் கட்டி வைத்திருப்பாள். எடை கூடிவிடும் என்று நீ ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பாய். அதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு, ஒதுக்குப்புறமாகப் போய் உட்கார்ந்து இதைப் படி. போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் பேச ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்பாய், பாதியில் யாராவது கூப்பிடுவார்கள், வைத்துவிடுவாய். நேரில் வந்தால் உன் மாமியார் காப்பித் தம்ளரோடு எதிரே உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் உன் அப்பாவும் இருப்பார். அவர் முன்னால் இதைப் பேச முடியாது. ஏன் முடியாது என்பது போகப் போகத் தெரியும். எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது என்பது உனக்கே தெரிந்ததுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கடைசிவரை படிக்காமல் நீ அந்த டைல்ஸ் கம்பெனி வேலைக்கு விமானம் ஏறக் கூடாது. ஏறினால் நான் உன்னை மன்னிக்க மாட்டேன். பெற்றவள் இப்படி எழுதலாமா என்று கேட்காதே. இப்படி எழுதுகிற அளவுக்குப் பயந்து போயிருக்கிறேன்.

போன வாரம் நாங்கள் இரண்டு பேரும் சைக்கிளில் கிளம்பிய கதை உனக்குத் தெரியும். போட்டோவைப் பார்த்துவிட்டு, எங்க அப்பா அம்மாவைப் பாருங்கள் என்று ஸ்டேட்டஸ் வேறு வைத்தாய். அந்தப் போட்டோவில் நீ பார்த்தது பாதிதான். நீ வாங்கிக் கொடுத்த இரண்டு சைக்கிளும் பொங்கலிலிருந்து வராந்தாவில் துண்டு காயப்போடத்தான் உதவின. திடீரென்று ஒரு நாள் சாப்பிடும்போது உன் அப்பா, "புதுச்சேரி வரைக்கும் சைக்கிள்லயே போயிட்டு வரலாமா?" என்றார். "யாரு, நீங்களா? பஸ் ஸ்டாண்டுக்கே ஆட்டோவக் கூப்புடுற ஆளு" என்றேன். "நீ வரியா இல்லியா, அத்தச் சொல்லு" என்றார். எனக்குச் சைக்கிள் ஒன்றும் புதிதில்லை. பீங்கான் யூனிட்டில் பொம்மைக்குப் பெயிண்ட் அடிக்கப் போன நாளில் ஓட்டிப் பழகியதுதான். ஆனால் இந்த மனிதர் கல்யாணமான நாளிலிருந்து எங்கேயாவது போகலாமா என்று வாய் திறந்து கேட்டவரா? கோயில் தேருக்கே நான் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒன்றுக்கும் ஆசைப்படாதவர் திடீரென்று ஆசைப்பட்டால், ஏன் என்று கேட்க வேண்டும், பாலு. ரேவதியிடமும் நீ அப்படிக் கேட்டுப் பழகு. நான் கேட்கவில்லை. வாயெல்லாம் பல்லாக, எந்தப் புடவை சைக்கிள் சக்கரத்தில் மாட்டாது என்று பீரோவைக் குடைந்துகொண்டிருந்தேன்.

விடிகாலையில் கிளம்பினோம். ஊர் தாண்டும்வரை உன் அப்பா முன்னால் போனார். அதற்கப்புறம் நின்று நின்றுதான் போனோம். மந்தாரக்குப்பம் வருவதற்குள் செயின் கழன்றுவிட்டது என்று நிறுத்தினார். குனிந்து செயினைத் தொட்டுக்கொண்டே வெகுநேரம் இருந்தார். நான் பார்த்தபோது செயின் அதன் இடத்தில்தான் இருந்தது. நெய்வேலியில் மரங்களைப் பார்க்க நின்றார். "எம்மாம் நெழலு பாரு புள்ள" என்றார், அந்த ரோட்டில் ஆயிரம் தடவை பஸ்ஸில் போனவர். பண்ருட்டி நெருங்க நெருங்க ஒவ்வொரு பலாப்பழக் கடையிலும் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, பழத்தைத் தட்டித் தட்டிப் பார்த்து விலை கேட்டார். வீட்டுக்கு ஒரு கத்தரிக்காய் விலை கேட்டு வாங்கத் தெரியாத மனிதர். ஒரு கடைக்காரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வாங்குறதா இருந்தா கேளுங்கய்யா, சும்மா சும்மா தட்டுனா பழத்துக்கு வலிக்காதா?" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பாவி, சிரித்தேன். வயதான காலத்தில் இவருக்கு ஊர் உலகத்தைப் பார்க்கிற ஆசை வந்துவிட்டது என்று நினைத்து எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

வழியில் அவருக்கு இருமல் வந்தபோதெல்லாம் நான் வெல்லத்தை நீட்டினேன். உனக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நாம் எல்லோரும் சேர்ந்து செய்த தப்பு இது. வெள்ளைக் கல்லை அரைத்து மாவாக்குகிற மில்லில் உன் அப்பா வேலை பார்த்த காலம் முழுக்க, ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கு ஒரு உருண்டை வெல்லம் கொடுப்பார்கள். நெஞ்சில் ஒட்டிய தூசியை வெல்லம் வழித்து வயிற்றில் இறக்கிவிடும் என்பார்கள். முதலாளியும் சொன்னார், மேஸ்திரியும் சொன்னார், நானும் நம்பினேன். மூக்கில் ஒரு துண்டு, வாயில் ஒரு வெல்லம், அவ்வளவுதான் நமக்குத் தெரிந்த பாதுகாப்பு. மற்றவர்கள் கடையில் கிடைக்கிற வெல்லத்தைத் தின்றபோது நான் பார்த்துப் பார்த்து நல்ல மண்டைவெல்லம் வாங்கி அவர் சாப்பாட்டுக் கூடையில் வைத்தேன். நீ டிப்ளமா முடித்ததும் உன் அப்பாவே உன்னைக் கையைப் பிடித்து அதே மில்லுக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டாரே, அன்றைக்கு உன் டப்பாவிலும் ஒரு உருண்டை வைத்தேன். அப்புறம் நீ ஆந்திரா கம்பெனிக்குப் போனபோது பெட்டியிலேயே போட்டு அனுப்பினேன். போன மாதம்கூட, "அம்மா, அங்க நல்ல வெல்லம் கெடைக்காது, கொஞ்சம் கட்டி வை" என்றாய். கட்டித்தான் வைத்தேன்.

பண்ருட்டியில் உன் சித்தி வீட்டில் தங்கினோம். மறுநாள் புதுச்சேரி ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது அந்த இடம் வந்தது. தண்ணீர் விளையாட்டுகளும் ராட்டினங்களும் இருக்கிற பெரிய பார்க். ஒரு கோமாளியின் முகத்தைக் கட்டிடம் உயரத்துக்குக் கட்டி வைத்திருந்தார்கள். திறந்திருக்கிற அதன் வாய்தான் வாசல். பல்லுக்கு அடியில் நுழைந்து போக வேண்டும். எனக்கு அதைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. உன் அப்பா சைக்கிளை நிறுத்திவிட்டு, "உள்ள போலாமா?" என்றார். "இந்த வயசுல ராட்டினம் ஆடப் போறீங்களா? பாக்குறவன் சிரிப்பான்" என்றேன். "சிரிச்சா சிரிக்கட்டும். நம்மள யாருக்குத் தெரியும் இங்க?" என்று சொல்லிக்கொண்டே டிக்கெட் ஜன்னலுக்குப் போய்விட்டார். பள்ளிக்கூடம் நடக்கிற நாள், கூட்டமே இல்லை. எங்கேயோ ஒரு காலேஜ் கும்பல் மட்டும் கத்திக்கொண்டிருந்தது. பாட்டு மட்டும் காது கிழிகிற மாதிரி ஓடியது. ஆளே இல்லாத குதிரை ராட்டினம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. யாருக்காகச் சுற்றுகிறது என்று தோன்றியது எனக்கு.

டிக்கெட் கொடுக்கிற பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தாத்தா, பிபி, ஹார்ட்டு, மூச்சுத் தெணறல் எதுனா இருக்குதா? இருந்தா சில ரைடுல ஏறக் கூடாது" என்றாள். "எனக்கு ஒண்ணியும் இல்லம்மா. இவங்களுக்குத்தான் வாய் ஜாஸ்தி. அதுக்கு எதுனா தடை இருக்குதா?" என்றார். அந்தப் பெண் சிரித்தாள். நானும் அவர் தோளில் ஒரு இடி இடித்தேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு இருந்தது, யார் யார் ஏறக் கூடாது என்று. உன் அப்பா அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உதடு அசைய அசைய வாசித்தார். வாசித்து முடித்ததும் என் முழங்கையைப் பிடித்து என்னை அந்தப் பக்கம் திருப்பி, "வா, அங்க என்னமோ பெருசா தெரியுது" என்று இழுத்துக்கொண்டு போனார். போர்டை நான் படித்துவிடக் கூடாது என்றுதான் திருப்பினார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தண்ணீரில் இறங்க வேண்டும் என்றால் புடவை கூடாதாம். நைலானில் சட்டையும் பேண்டும் வாடகைக்குக் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வெளியே வந்த என்னைப் பார்த்து உன் அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, சிரித்து, அது இருமலாகி, இருமல் நிற்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் முதுகைத் தடவினேன். அவரும் அதே நைலானில்தான் இருந்தார், வாசல் ஷவரில் நனைந்து அது அவர் உடம்போடு ஒட்டியிருந்தது. கொஞ்ச நாளாக இவர் வீட்டில்கூடப் பனியனைக் கழற்றுவதில்லை, பாலு. வெயில் காலத்திலும் பனியனோடுதான் படுக்கிறார். வயதானால் கூச்சம் வருமோ என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த ஈரத் துணியில் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து எலும்புக்கு மேலே குழி விழுந்தது. விலா எலும்புகளுக்கு நடுவே சதை உள்ளே இழுத்தது. மனிதர் நின்ற இடத்தில் சும்மா நின்றுகொண்டிருக்கிறார், உடம்பு மட்டும் மூட்டை தூக்குகிறது. "என்னாங்க இது?" என்றேன். "குளுருது" என்றார்.

அலை வருகிற குளம் ஒன்று இருந்தது. அதன் கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். அலை விடுவதற்கு முன்னால் ஒரு சங்கு ஊதுகிறார்கள். அது ஊதியதும் உன் அப்பா சட்டென்று எழுந்து நின்றார், ஷிப்டுக்குப் போகிற ஆள் மாதிரி. அப்புறம் தானே தெரிந்துகொண்டு உட்கார்ந்தார். காலேஜ் பையன்கள் தண்ணீருக்குள் குதித்தார்கள். அவர் தலையை நிமிர்த்தி எதிரே இருந்த கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வளைந்து வளைந்து கீழே வருகிற பெரிய சறுக்கல் அது. மேலே ஏறுவதற்கு இரும்புப் படி. "ஒரே ஒரு தடவ அதுல ஏறி வழுக்கிக்கிட்டு வந்துடணும் புள்ள" என்றார். "ஒண்ணும் வேணாம், வாங்க, சாப்புட்டுட்டுக் கெளம்பலாம்" என்றேன். "நீ இங்கியே இரு. நான் ஏறிட்டு வரேன்" என்று போய்விட்டார். குரலில் விளையாட்டே இல்லை. எதற்கோ பதில் சொல்லப் போகிறவர் மாதிரி போனார். எனக்கு உட்கார முடியவில்லை. நானும் பின்னாலேயே போனேன்.

முதல் வளைவு வரை ஏறினார். அங்கே பின்னால் வந்த பையன்களுக்கு ஒதுங்கி, "நீங்க போங்கப்பா, நீங்க போங்க" என்று வழிவிட்டார். எல்லோரும் போன பிறகும் நின்றுகொண்டிருந்தார். அடுத்த வளைவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அங்க பாரு, சவுக்குத் தோப்பு தெரியுது. அதுக்கு அந்தாண்ட கடலா இருக்கும்" என்றார். நான் கடலைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். நரம்பு நரம்பாக வெளுத்திருந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. செயின் கழன்றது, மரத்து நிழல், பலாப்பழ விலை, இப்போது கடல். இவர் எதையும் பார்க்கவில்லை, பாலு. மூச்சு வாங்குவதற்கு நின்றிருக்கிறார். நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் எனக்குப் பார்க்க ஒன்றைக் காட்டிவிட்டு, நான் அதைப் பார்க்கிற நேரத்தில் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். நான் அத்தனையையும் பார்த்து, அத்தனைக்கும் சிரித்திருக்கிறேன்.

அதற்கு மேல் ஏற அவரால் ஆகவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆகிவிட்டது. மேலே நின்ற பணியாளர் எட்டிப் பார்த்து, "தாத்தாவுக்கு என்னாச்சு? ஆம்புலன்சக் கூப்புடவா?" என்று கத்தினார். உன் அப்பா கையை ஆட்டி வேண்டாம் என்றார். வெல்லம் லாக்கரில் இருக்கிற பையில் கிடக்கிறதே என்று அடித்துக்கொண்டேன். "இருங்க, ஓடிப்போய் வெல்லம் எடுத்தாரேன், இருங்க" என்று திரும்பினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம். வெல்லத்தால ஒண்ணியும் ஆவாது" என்றார். மூச்சு வந்த பிறகு மறுபடியும் சொன்னார், "அதால எப்பியும் ஒண்ணியும் ஆனதில்லியாம். டாக்டரு சொல்லிட்டாரு." எத்தனை வருஷம் அதைக் கூடையில் வைத்தேன் நான். கோயில் பிரசாதம் மாதிரி வைத்தேன். அந்த இரும்புப் படியில் நைலான் சட்டையோடு உட்கார்ந்து, பையன்கள் எங்களைத் தாண்டித் தாண்டி ஏறிக்கொண்டிருக்க, உன் அம்மா அழுதாள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கடலூரில் ஒரு டாக்டரிடம் எனக்குத் தெரியாமல் காட்டியிருக்கிறார். உள்ளே போன கல்தூசி நுரையீரலில் தங்கி, அது தழும்பு தழும்பாக இறுகிப் போயிருக்கிறதாம். அது கரையாதாம், மருந்து கொடுத்தாலும் பழையபடி ஆகாதாம். வேலையை விட்டுவிட்டால்கூட அது நிற்காமல் உள்ளே வேலை செய்துகொண்டே இருக்குமாம். "படி ஏறுனாத்தான் உனக்கே தெரியும்னாரு. நான் நம்பல. நடக்கறேன், சோறு துன்றேன், எனக்கு என்னா கேடுன்னு நெனச்சேன். அதான் சைக்கிள்ல கெளம்புனேன். இவ்ளோ தூரம் மிதிச்சி வந்துட்டேன், அப்ப டாக்டரு சொன்னது பொய்யின்னு வெச்சுக்கிட்டேன். இதுல ஏறிட்டா தெரிஞ்சிப்பூடும்னுதான் உள்ள வந்தேன்" என்றார். அவர் ஊர் பார்க்கக் கிளம்பவில்லை. தன் நெஞ்சைச் சோதித்துப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார். அதற்கு நான் சோறு கட்டிக்கொண்டு கூடவே போயிருக்கிறேன்.

மெதுவாக இறங்கினோம். கீழே வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பாலுகிட்ட வாயத் தொறக்காத. கெளம்புற நேரத்துல புள்ள மனசக் கலைக்கக் கூடாது. அவன் போற எடம் பூரா ஏசி. மிஷினே எல்லாத்தையும் செய்யும், நம்ம மில்லு மாரி கெடையாது" என்றார். கொஞ்ச தூரம் நடந்தோம். அப்புறம் என்னைப் பார்க்காமல், "எதுக்கும் மூக்குல துணி கட்டிக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லாத, நீயா சொல்ற மாரி சொல்லு" என்றார். நீ போகிற இடத்திலும் உனக்குக் கல்மாவு கொட்டுகிற பவுடர் செக்‌ஷன்தான் என்று அவருக்குத் தெரியும். உன்னை அந்தத் தொழிலில் கொண்டுபோய் விட்டது தான்தான் என்பதும் தெரியும். நான் சத்தியம் செய்து கொடுத்தேன். உன் தலைமேல்தான் செய்தேன். இப்போது அதை மீறித்தான் எழுதுகிறேன். சத்தியத்தை மீறினால் என்ன வருமோ அது என் தலையில் வரட்டும்.

இதுவரை எழுதியது உன் அப்பாவுக்காக என்று நினைத்திருப்பாய். அவருக்காக மட்டும் என்றால் நான் சத்தியத்தைக் காப்பாற்றியிருப்பேன், பாலு. நீ நல்லபடியாகப் போய்ச் சேரட்டும், இவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். சைக்கிளை மிதிக்க விடாமல் ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்து, இரண்டு சைக்கிளையும் பின்னால் போட்டு, ஊருக்குத் திரும்பினோம். நெய்வேலி தாண்டி ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருந்தது, பெட்டி பெட்டியாக, முடிகிற வழியே இல்லை. உன் அப்பா ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கூட்ஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு வேறொரு கூட்ஸ் வண்டி நினைவுக்கு வந்தது. கேட் திறந்து எங்கள் வண்டி நகர்ந்தது எனக்குத் தெரியவில்லை.

பொங்கலுக்கு நீங்கள் மூன்று பேரும் ரயிலில் வந்தீர்களே, நான் ஜங்ஷனுக்கு வந்து கூட்டிப்போனேன். மேம்பாலப் படியில் நீ யாழினியைத் தூக்கிக்கொண்டு ஏறினாய். பாதியில் நின்றாய். குழந்தையை இறக்கிவிட்டு, கம்பி வழியாகக் கையை நீட்டி, "பாரு குட்டி, கூட்ஸ் வண்டி. எவ்ளோ நீளம் பாரு" என்று காட்டினாய். குழந்தை எண்ண ஆரம்பித்தாள். நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ரேவதி பையோடு மேலே போய் நின்று, "என்னங்க, வாங்க" என்று கூப்பிட்டாள். "இரு, புள்ள பாக்குறா இல்ல" என்றாய். அதைச் சொல்லவே உனக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது. நான் கீழ்ப்படியில் நின்று, என் மகன் குழந்தைக்கு எவ்வளவு பொறுமையாக ரயில் காட்டுகிறான், இவன் அப்பா ஒரு நாள் இப்படிக் காட்டியிருப்பாரா என்று பூரித்துப் போனேன். ரயில் போய் முடிந்த பிறகும் நீ அங்கேயேதான் நின்றாய், பாலு. அப்புறம் காலியாக இருந்த தண்டவாளத்தைக் காட்டினாய்.

இன்னொன்றும் கேட்கிறேன். விசாவுக்கு மெடிக்கல் எடுத்தபோது எக்ஸ்ரே இரண்டு தடவை எடுத்தார்கள் என்று சொன்னாய். ஏன் என்று கேட்டேன். "மூச்ச இழுத்துப் புடிங்கன்னாங்க, அதுக்குள்ள இருமல் வந்து அசஞ்சிட்டேன்மா. ரெண்டாவது தடவ ஏஜெண்டு வேற எடத்துக்குக் கூட்டிப் போனாரு. எல்லாம் அவரே பாத்துக்கிட்டாரு" என்றாய். அந்த இரண்டாவது இடம் எது, அங்கே என்ன பார்த்தார்கள், முதல் எக்ஸ்ரே எங்கே போயிற்று என்று உனக்குத் தெரியுமா? இல்லை, தெரிந்தும் ரேவதியிடம் சொல்லாமல் இருக்கிறாயா? நீ மறைக்கக் கூடியவன்தான். அவர் மகன்தானே நீ. உங்கள் இருவருக்கும் சிரித்துக்கொண்டே பொய் சொல்ல வரும். எனக்குத்தான் எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது. ஒரு வாரமாக வைத்துக்கொண்டு சோறு இறங்காமல் கிடக்கிறேன். ராத்திரி உன் அப்பா மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன். கேட்கக் கேட்க, வேப்பூரில் நீ எப்படி மூச்சு விடுகிறாய் என்று நினைப்பு ஓடுகிறது.

இந்தப் பாலம் விஷயத்தை உன் அப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். தன் நெஞ்சு போனதை அவர் தாங்கிக்கொண்டார். கையைப் பிடித்துக் கூட்டிப்போன பிள்ளையின் நெஞ்சும் போயிருக்கிறது என்று தெரிந்தால் அதோடு முடிந்துவிடுவார். அதனால் நீ அவரிடம் எதுவும் கேட்காதே. நான் பைத்தியக்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நான் கண்டது எல்லாம் பிரமை என்று நீ நிரூபித்துவிட்டால் இந்த ஊரில் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் இருக்க மாட்டாள். உன்னை நானே ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போய் வழியனுப்பி வைக்கிறேன். அந்த ஏஜெண்ட் என்ன கத்தினாலும், உன் மாமனார் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை. விசா போனால் போகட்டும். வேலை போனால் போகட்டும். கடலூருக்குப் போய் அதே டாக்டரிடம் உன் நெஞ்சைக் காட்டாமல் நீ எங்கேயும் போகக் கூடாது.

அதற்கு முன்னால் எனக்கு ஒன்று செய். இதைப் படித்த மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வா. உன் அப்பா காலையில் டீக்கடைக்குப் போயிருப்பார், வர நேரமாகும். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பேன். கீழே இருந்து கூப்பிடாதே. படியில் ஏறி என்னிடம் வா. நிற்காமல் வந்துவிட்டால் இந்தக் கடிதத்தை உன்னிடமிருந்து வாங்கிக் கிழித்துப் போட்டுவிடுகிறேன். முடியாமல் நடுவில் நின்றுவிட்டால், தெருவைக் காட்டாதே, தென்னை மரத்தைக் காட்டாதே, போன் வந்தது என்று சொல்லாதே. "முடியலம்மா" என்று மட்டும் சொல்லு. நான் இறங்கி வருகிறேன்.

அம்மா